வீலில் ஊளையா, ஆட்டமா, சூடா: வண்டி பேரிங்கை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பேரிங் தானாகப் போவது அபூர்வம். அதைக் கெடுத்தது பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்: தேய்ந்த ஹப் (பேரிங் உட்காரும் வீலின் நடுப்பகுதி), உதடு கிழிந்த சீல் (தண்ணீரும் தூசியும் புகாமல் தடுக்கும் வளையம்), தொலைந்துபோன டிஸ்டன்ஸ் புஷ் (இரண்டு பேரிங்குக்கும் நடுவே நிற்கும் குழாய்), தப்பான வளையத்தில் விழுந்த சுத்தியல் அடி. அதைச் சரிசெய்யாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். எனவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எங்கே தேடுவது, கழற்றிய பேரிங்கில் எதைப் பார்ப்பது, கடையில் எந்த அளவைக் கேட்பது என்ற வரிசையில் போகிறேன்.

வேலை முடியும்வரை பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது, எந்த இடம் மேலே இருந்தது என்று மார்க்கரால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். சீலை ஊசியால் நெம்பி எடுத்து கிரீஸின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும்; முதலிலேயே கழுவினால் பாதி சாட்சி போய்விடும். கழுவியதை கம்ப்ரசர் காற்றில் 'விர்' என்று சுற்றவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் தடம் (வளையத்தில் குண்டுகள் உருளும் பாதை) கீறிவிடும், குண்டுகளைப் பிரித்துப் பிடிக்கும் கூடு உடைந்தால் குண்டு தெறிக்கும். வேண்டாம்.

## முதலில் எண்ணைப் படியுங்கள்

வளையத்தின் ஓரத்தில் 6302-2ஆர்எஸ் சி3 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு இலக்கம் உள் துளையைச் சொல்கிறது. 04-இலிருந்து மேலே என்றால் அதை 5-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும்: 6205 என்றால் 25 மி.மீ. சிறியவை மட்டும் விதிவிலக்கு. 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 மி.மீ. ஆக 6302-இன் உள் துளை 15, வெளி விட்டம் 42, அகலம் 13 மி.மீ. இது எந்தக் கம்பெனியிலும் மாறாது.

மாறுவது பின்னொட்டு. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் என்பதை எஸ்கேஎஃப் 2ஆர்எஸ் வகை எழுத்துகளிலும், என்எஸ்கே டிடியு என்றும், என்டிஎன் எல்எல்யு என்றும் எழுதுகிறார்கள். இசட் என்று வந்தால் தகர மூடி. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று தகர மூடியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். தகர மூடி உள் வளையத்தைத் தொடாது. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கியர்பாக்ஸுக்குள்ளோ மூடிய மோட்டாரிலோ அது போதும், மழையில் ஓடும் வீலுக்குப் போதாது. சி3 என்ன என்பதைக் கீழே, அது தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன்.

## வேகம் ஏற ஏறக் கனக்கும் ஊளை

காரில் 40-ஐத் தாண்டியதும் லேசாகத் தொடங்கி, 80-இல் பேச்சை அமுக்கும் சத்தம். முதலில் இன்ஜினை விலக்குங்கள். காலியான நேர் சாலையில் நியூட்ரலில் உருளவிட்டால் இன்ஜின் சத்தம் அடங்கும். ஊளை அடங்கவில்லை என்றால் அது வீல் பக்கம். அடுத்து, ஸ்டீயரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் அசையுங்கள். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது வீல்களுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலது பக்கத்தின் மேல். இது எப்போதும் சரியாக வராது. கார்களில் இருப்பது பெரும்பாலும் இரட்டை வரிசை பேரிங். பாரம் ஏறாத வரிசை கெட்டிருந்தால் அறிகுறி எதிர்ப்பக்கம் காட்டும்.

டயரும் இதே ஊளையைப் போடும். தார் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மையே மாறினால் டயர்தான். சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் பாருங்கள், சத்தமும் இடம் மாறினால் பேரிங்கைத் தொட வேண்டியதில்லை. வளைவில் மட்டும் 'டக் டக்' என்று அடித்தால் அது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், அது வேறு கதை.

பிறகு வண்டியைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்து, மறு கையால் வீலைச் சுற்றினால் கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலுக்கு வரும். டயரை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். பிறகு 3, 9. இரண்டிலும் ஆடினால் பேரிங். 3, 9-இல் மட்டும் என்றால் ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட் பக்கம் பாருங்கள். 12, 6-இல் ஆடும்போது உள்ளே ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையவில்லை என்றால் சஸ்பென்ஷனின் பால் ஜாயின்ட்.

கழற்றியாயிற்று. இப்போது தடத்தைப் பாருங்கள். விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

எந்த வளையம் சுற்றுகிறது, எது நிற்கிறது என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். பைக் வீலில் ஆக்சிலும் உள் வளையமும் நிற்கும், வெளி வளையம் ஹப்போடு சுற்றும். நக்கிளுக்குள் (வீலைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகம்) அழுத்திப் பொருத்தும் கார் பேரிங்கில் நேர்மாறு, வெளி வளையம் நிற்கும். நிற்கும் வளையத்தில் பாரம் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் விழும். அந்தப் பக்கத்தில் மட்டும் செதில் பெயர்ந்திருந்தால் பேரிங் தன் ஆயுளை வாழ்ந்து முடித்தது என்று பொருள். மாற்றிவிட்டு நிம்மதியாகப் போகலாம். நிற்கும் வெளி வளையத்தில் நேரெதிரான இரண்டு இடங்களில் பெயர்ந்திருந்தால் அது உட்காரும் துளை முட்டை வடிவமாகிவிட்டது. தடம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்ந்து ஓடியிருந்தால் பேரிங் கோணலாக உட்கார்ந்திருந்தது. குண்டுகள் இருக்கும் அதே இடைவெளியில் வரிசையாகப் பள்ளங்கள் தெரிந்தால் யாரோ தப்பான வளையத்தில் அழுத்தியிருக்கிறார்கள், அல்லது வீல் பெரிய பள்ளத்திலோ நடைமேடைக் கல்லிலோ பலமாக இடித்திருக்கிறது.

பொருத்தும்போது நடக்கும் இந்தச் சேதம்தான் புது பேரிங்குகளை அதிகம் கொல்கிறது என்பது என் கணிப்பு. வெளி வளையம் ஹப்புக்குள் இறுக்கமாகப் போகிறது என்றால் வெளி வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போகும். எவ்வளவு பள்ளம் விழுந்தால் கெடுதல்? ஒரு பேரிங்கின் நிலைச்சுமை மதிப்பை (சுற்றாமல் நிற்கும்போது தாங்கும் பாரம்) சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 76 வரையறுக்கும் விதத்தைப் பாருங்கள்: குண்டு பேரிங்கில் தொடும் இடத்தின் அழுத்தம் 4,200 மெகாபாஸ்கலை எட்டும் பாரம். அப்போது விழும் நிரந்தரப் பள்ளம் குண்டின் விட்டத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 10 மி.மீ. குண்டு என்றால் 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். சுத்தியல் அடி எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆயுள் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் தரும் ஆயுள் எல்10 என்பது, ஒரே மாதிரி பேரிங்குகளில் நூற்றுக்கு 90 தாண்டும் ஆயுள். மீதி 10 அதற்கு முன்பே போகலாம், அதைத் தயாரிப்புக் குறை என்று சொல்ல முடியாது. குண்டு பேரிங்கில் ஆயுள் பாரத்தின் முப்படிக்கு நேரெதிராகக் குறையும். பாரத்தைக் கால் பங்கு கூட்டினால் ஆயுள் ஏறத்தாழ பாதி. இரட்டித்தால் எட்டில் ஒன்று. ரோலர் பேரிங்கில் அந்தப் படி 10/3, இன்னும் மோசம்: இரட்டைப் பாரத்தில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். ஓவர்லோடு ஏற்றும் லாரிக்காரர் பேரிங் கம்பெனியைத் திட்டும்போது இந்தக் கணக்கைக் காட்டலாம், கேட்பாரா என்பது வேறு.

## புதிது போட்டதும் வீல் இறுகுகிறது

பைக்கில் அதிகம். பேரிங்கைப் போட்டபோது விரலால் சுற்றியது. ஆக்சில் நட்டை முறுக்கியதும் வீல் பிடிக்கிறது. பெரும்பாலோர் நட்டைத் தளர்த்திவிட்டு ஓட்டுகிறார்கள். அது ஆபத்து.

முதல் சந்தேகம், இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் டிஸ்டன்ஸ் புஷ். ஆக்சிலை முறுக்கும்போது அந்த விசை ஒரு உள் வளையத்திலிருந்து புஷ் வழியாக மறு உள் வளையத்துக்குப் போக வேண்டும். புஷ் இல்லை என்றாலோ, தேய்ந்து குட்டையாகிவிட்டாலோ, இரண்டு உள் வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். குண்டுகள் தடத்தின் நடுவை விட்டு ஓரத்தில் ஏறி ஓடும். கழற்றிப் பார்த்தால் தடம் ஒரு பக்க ஓரத்தில் பளபளப்பாக இருக்கும், இரண்டு பேரிங்கிலும் எதிரெதிர்ப் பக்கத்தில். வேறு விளக்கமே தேவையில்லை.

போடும் வரிசை இது. வண்டிப் புத்தகம் எந்தப் பக்கத்தை முதலில் சொல்கிறதோ அந்தப் பேரிங்கை ஹப்பின் படி வரை முழுதாக அடியுங்கள். புஷ்ஷைப் போடுங்கள். இரண்டாவது பேரிங்கை, அதன் உள் வளையம் புஷ்ஷைத் தொடும்வரை மட்டும் இறக்குங்கள். அங்கே நிறுத்த வேண்டும். 'இன்னும் ஒரு அடி' போட்டால் வெளி வளையம் மேலும் இறங்கி, உள் வளையம் புஷ்ஷில் நின்றுவிட்டதால் பேரிங் அங்கேயே பக்கவாட்டுப் பாரத்தில் மாட்டிக்கொள்ளும்.

புஷ் சரியாக இருந்தும் இறுகினால் கிளியரன்ஸைப் பாருங்கள். சி3 இங்கேதான் வருகிறது. குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே விட்டிருக்கும் ஆட்டத்தின் வகுப்பு அது. 10-க்கு மேல் 18 மி.மீ. வரை உள் துளை உள்ள சாதாரண குண்டு பேரிங்கில் இயல்பு வகுப்புக்கு 3 முதல் 18 மைக்ரான், சி3-க்கு 11 முதல் 25 மைக்ரான். இயல்பு வகுப்பை எண்ணில் குறிப்பதே இல்லை. சி3 போன்ற கிளியரன்ஸ் எழுத்து எதுவும் இல்லை என்றால் அதுதான். ஹப் வெளி வளையத்தை இறுக்கிப் பிடிக்கும்போது வளையம் சுருங்கும், அந்தச் சுருக்கத்தின் கணிசமான பகுதி இந்த ஆட்டத்திலிருந்துதான் கழியும். 5 மைக்ரான் மட்டுமே இருந்த பேரிங்கை 15 மைக்ரான் இறுக்கமான ஹப்பில் அடித்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. வீல் கனமாகச் சுற்றும், சூடாகும், சில நூறு கிலோமீட்டரில் கத்தும்.

பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் சி3 வேண்டும். அதற்காக எல்லாவற்றுக்கும் சி3 போடுவதும் தப்பு. தளர்ந்த ஃபிட்டில் சி3 போட்டால் ஆட்டம் தேவைக்கு மேல் மிஞ்சி, பாரம் சில குண்டுகளில் மட்டும் விழும்.

## ஆட்டம் விழுகிறது, பேரிங் கையோடு வந்துவிடுகிறது

ஹப்பிலிருந்து பேரிங்கைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினாலே விழுந்தால் பேரிங் கெடவில்லை என்றாலும் ஹப் கெட்டுவிட்டது. வெளி வளையத்தின் முதுகைப் பாருங்கள்: கண்ணாடி மாதிரி பளபளத்திருந்தாலோ, பழுப்புத் துருப்பொடி ஒட்டியிருந்தாலோ அது ஹப்புக்குள் மெல்ல மெல்லச் சுற்றியிருக்கிறது.

அளவு என்ன? 42 மி.மீ. வெளி விட்டத்துக்கு இயல்பு துல்லிய வகுப்பில் ஐஎஸ்ஓ 492 தரும் விலக்கு (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 0-இலிருந்து -11 மைக்ரான் வரை. அதாவது 41.989-க்கும் 42.000-க்கும் நடுவே. வெளி வளையம் சுற்றும் வீலுக்கு என்7 ஃபிட் (துளை அளவின் ஒரு இறுக்கமான வகுப்பு) கொடுத்தால் ஹப் துளை 41.967 முதல் 41.992 வரை. துளை பெரும்பாலும் வளையத்தைவிடச் சிறியது. அந்த இறுக்கம்தான் வளையம் நழுவாமல் பிடிக்கிறது. துளை 42.02 ஆகிவிட்டால் எந்த உயர்ந்த கம்பெனி பேரிங் வாங்கினாலும் அது உள்ளே நடக்கும்.

பட்டறைகளில் இதற்குச் செய்யும் வைத்தியம் தெரிந்ததே. துளையைச் சுற்றிப் பஞ்ச் உளியால் புள்ளி குத்துவார்கள், கூல்டிரிங் டின்னை வெட்டிச் சுற்றுவார்கள். பஞ்ச் புள்ளியின் மேடுகள் சில நாளில் அமுங்கிவிடும். அதுவரைக்கும் வளையத்தை முட்டை வடிவமாக நசுக்கும். தகரச் சுருள் பேரிங்கை ஒருபக்கம் சாய்க்கும். சின்னத் தளர்வுக்கு, துளையும் வளையமும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருந்தால், பேரிங் பிடிப்பதற்கென்றே விற்கும் பசை சரியான வழி. அதற்கு மேல் போனால் லேத்தில் துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட்டு அளவுக்குக் கடைய வேண்டும், அல்லது ஹப்பை மாற்ற வேண்டும். புஷ் போடும் பட்டறையில் உள் மைக்ரோமீட்டரோ போர் கேஜோ இருக்கிறதா என்று கேளுங்கள். வெர்னியர் வைத்து 'கணக்கா கடைஞ்சுட்டேன்' என்றால் வேறு பட்டறை பாருங்கள். சாதாரண வெர்னியரில் ஒரு கோடு 20 மைக்ரான், இங்கே தேவைப்படும் மொத்த விலக்கே 25.

## லாரி, வேன்: டேப்பர் ரோலர் ஆட்டம்

ஒரு முனை குறுகிய உருளைகள் ஓடும் டேப்பர் ரோலர் பேரிங்கில் ஆட்டத்தை நாம்தான் வைக்கிறோம், பேரிங் தானாக வைப்பதில்லை. அதனால் கோளாறும் கையில்தான்.

உள்ளே இருக்கும் கோனும் வெளியே இருக்கும் கப்பும் ஜோடி. கோனை மட்டும் மாற்றி, "கப்பு நல்லாத்தான் இருக்கு" என்று பழையதிலேயே ஓட்டுவது சகஜம். புது ரோலர் பழைய தடத்தின் தேய்மானத்தில் முழு நீளமும் உட்காராது, ஓரத்தில் மட்டும் அமரும். இரண்டையும் மாற்றுங்கள்.

வீலைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். சுற்றினால்தான் ரோலர்கள் கோனின் பெரிய விளிம்பில் போய் அமரும். நிற்கும் வீலில் இறுக்கினால் நட்டு இறுகியது போலக் காட்டும், ஓடியதும் தளரும். இறுக்கியதை முழுதாகத் தளர்த்தி, மறுபடி லேசாக இறுக்கி, பூட்டுவதற்குப் பொருந்தும் அடுத்த இடம் வரை பின்னால் விடுங்கள். பிறகு டயல் கேஜை ஸ்பின்டில் (ஹப் சுற்றும் அச்சு) முனையில் நிறுத்தி, ஹப்பை உள்ளும் புறமும் இழுத்து அளவெடுங்கள். கையால் செட் செய்யும் கனரக வாகன ஹப்புகளில் வழக்கமாக ஏற்கும் ஆட்டம் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை. உங்கள் வண்டிப் புத்தகம் வேறு எண் சொன்னால் அதுதான் செல்லும். ஆட்டமே வைக்காமல் இறுக்கினால் பிரேக் சூட்டில் எல்லாம் விரிந்ததும் மிஞ்சுவது அழுத்தம்தான். ஹைவேயில் ஹப்பிலிருந்து புகை வருவதும் வீல் கழன்று ஓடுவதும் இப்படித் தொடங்குவது உண்டு.

## ஹேண்டில் நேராகும்போது 'கட்' விழுகிறது

முன் வீலைத் தூக்கி ஹேண்டிலை விரலால் தள்ளினால், சரியாக நேர்கோட்டில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கும். ஓட்டும்போது வண்டி சிறு சிறு திருத்தங்களுக்கு இணங்காமல் அலைபாயும். கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிற்று.

இந்த பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. நேராக ஓடும் பெரும்பாலான நேரமும் குண்டுகள் ஒரே இடத்தில் நின்றபடி அதிர்கின்றன; கிரீஸ் பிதுங்கி வெளியேற, அந்த இடங்கள் மட்டும் தேய்ந்து குழியாகின்றன. ஸ்பீடு பிரேக்கர் அடி வேறு. குண்டுகளை மட்டும் மாற்றினால் புதுக் குண்டு பழைய குழியில் விழும், காசு வீண். கப், கோன், குண்டு மூன்றும் செட்டாக மாற்றுங்கள். குண்டின் தரமும் ஒன்றல்ல. நல்ல பேரிங்கில் போடும் ஜி10 குண்டு கோள வடிவத்திலிருந்து 0.25 மைக்ரானுக்கு மேல் விலகக்கூடாது. சைக்கிள் கடையில் எடைக்கு வாங்கும் பால்ரஸை அளவு ஒத்துப்போகிறது என்று இங்கே கலப்பது தப்பு.

## ஹப் தொட முடியாத சூடு

பிரேக்கை முதலில் பாருங்கள். பெரும்பாலும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் காரணமாக இருக்கும். வீலைத் தூக்கிச் சுற்றி, லைனர் உரசுகிறதா என்று பார்த்த பிறகே பேரிங்குக்கு வாருங்கள்.

அடுத்த காரணம், அன்பு மிகுதியால் அடைத்த கிரீஸ். சீல் போட்டு வரும் பேரிங்கில் கம்பெனி நிரப்புவது உள்ளிருக்கும் காலி இடத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். சீலைத் திறந்து நிறைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடாகும், சீலைத் தள்ளி வெளியே வழியும். லாரி ஹப்பில் ரோலர்களுக்கு நடுவே நன்றாக அழுத்தி நிரப்ப வேண்டும். ஹப் குழியில் பாதிக்கு மேல் வேண்டாம். கிரீஸின் வகையும் முக்கியம். லித்தியம் கிரீஸ் உருகி வழியும் வெப்பநிலை சுமார் 180 டிகிரிக்கு மேல், லித்தியம் காம்ப்ளெக்ஸ் சுமார் 250-க்கு மேல். பழைய பாணி கால்சியம் கிரீஸ் 100 டிகிரி அருகிலேயே கைவிட்டுவிடும். டிஸ்க் பிரேக் ஹப்பில் அதைப் போடக்கூடாது. பழையதை முழுதாகத் துடைக்காமல் வேறு வகையை மேலே தடவினால் இரண்டும் சேர்ந்து தண்ணீராகிப் போகலாம்.

வளையத்தின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம் என்றால் 200 டிகிரி அளவைத் தொட்டிருக்கிறது, நீலம் என்றால் 300 பக்கம். சுமார் 1 சதவீதக் கார்பனும் 1.5 சதவீதக் குரோமியமும் உள்ள எஃகைக் கடினமாக்கி, ராக்வெல் சி அளவில் 58-க்கு மேல் கொண்டுவருகிறார்கள். நீலமான வளையத்தில் அந்தக் கடினம் போய்விட்டது. கிரீஸ் மாற்றி ஓட்டுவதில் பயனில்லை.

இதையொட்டி இன்னொன்று: ஷாஃப்ட்டில் ஏற்றுவதற்காகச் சூடாக்கும்போது 120 டிகிரியைத் தாண்டாதீர்கள், சீல் உள்ளதென்றால் 80. கேஸ் கட்டர் தீயைக் காட்டினால் ஒரு பக்கம் நீலமாகி மறு பக்கம் குளிர்ந்தே இருக்கும்.

## வெள்ளத்தில் நின்ற வண்டி

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், அதே 2023 மாதத்தில் தூத்துக்குடி, நெல்லையிலும் வீல் மூழ்க நின்ற வண்டிகள் ஏராளம். இன்ஜினுக்குச் செலவழித்தவர்கள் வீல் பேரிங்கை மறந்தார்கள். சில வாரம் கழித்து ஊளை வந்தது. தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் மோர் நிறமாகும். வண்டி நின்ற நிலையிலேயே துரு பிடித்தால் குண்டுகளின் இடைவெளியில் கறுப்புத் தழும்புகள் விழும், ஓட ஓட அந்த இடத்திலிருந்து செதில் பெயரும். அச்சுக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால் திறக்கக்கூடிய ஹப்புகளைத் திறந்து கழுவி கிரீஸ் மாற்றுங்கள். சீல் வைத்ததைக் கையால் சுற்றிப் பாருங்கள், துளிக் கரகரப்பு இருந்தாலும் மாற்றுங்கள். வெள்ளம் வராத ஊரிலும் இதே வேலையைச் செய்வது வாட்டர் வாஷ் துப்பாக்கி. ஆயில் சீலுக்கு நேரே அதைப் பிடிக்கவிடாதீர்கள்.

## பேரிங் மாற்றியதும் ஏபிஎஸ் விளக்கு

சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லி அதையும் விற்றுவிடுவார்கள். பல கார் பேரிங்குகளில் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் பதித்திருக்கும். சென்சார் அதைத்தான் படிக்கிறது. இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் என்பதால் திருப்பிப் போட்டுவிடுவார்கள். போடும் முன் காந்தம் காட்டும் அட்டையையோ ஒரு சின்ன பேப்பர் கிளிப்பையோ அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், காந்தப் பக்கம் சென்சாரை நோக்க வேண்டும். காந்தம் பொருத்திய திருகுளிகளை அந்தச் சீலின் மேல் வைக்காதீர்கள். இந்த வகை பேரிங்கில் டிரைவ் ஷாஃப்ட் நட்டின் முறுக்குதான் உள் வளையங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. நட்டை டார்க் ரெஞ்சால் முறுக்காமல் வண்டியைத் தரையில் உருட்டவே கூடாது.

## எல்லாம் சரி, ஆனாலும் திரும்பத் திரும்பப் போகிறது

ஹப் அளவு சரி, புஷ் சரி, சீல் சரி. இப்போதுதான் பேரிங்கையே சந்தேகப்பட வேண்டும். டூப்ளிகேட் பேரிங்கில் இரண்டு வகை. ஒன்று, மட்டமான புதுச் சரக்கில் பெரிய பெயரைப் பொறித்தது. மற்றது, பழையதைத் தீட்டிப் பளபளப்பாக்கிப் பெட்டியில் போட்டது. இரண்டாவதை மைக்ரோமீட்டர் காட்டிக்கொடுக்கும்: தீட்டியதில் வெளி விட்டம் மேலே சொன்ன -11 மைக்ரானைத் தாண்டிக் குறைந்திருக்கும். முதல் வகையில் அளவு சரியாக இருந்தாலும் எஃகு மோசம். எஃகில் மிஞ்சிய ஆக்சிஜன் கடினமான ஆக்சைடு துகள்களாக உள்ளே தங்கிவிடும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். பேரிங் எஃகுக்கான ஐஎஸ்ஓ 683-17 பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் ஆக்சிஜனை அனுமதிப்பதில்லை. இதைக் கடை மேசையில் சோதிக்க வழியில்லை.

விரலில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பது சோதனையே அல்ல. வெறும் எண்ணெய் தடவிய மட்டமான பேரிங் நெடுநேரம் சுற்றும். நல்ல கிரீஸும் ரப்பர் சீலும் உள்ளது அரைச் சுற்றில் நின்றுவிடும். உலக பேரிங் சங்கமும் சில தயாரிப்பாளர்களும் பெட்டியின் குறியீட்டை மொபைலில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் செயலிகளைத் தருகிறார்கள்; பெட்டியைத் திறக்கும் முன் அதைச் செய்யுங்கள், முழு எண்ணோடு பில் வாங்குங்கள்.

'ஏபெக் 7, சூப்பர் குவாலிட்டி' என்று சொல்லி பைக் வீலுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த எண் அளவுத் துல்லியத்தை மட்டுமே சொல்கிறது. எஃகின் சுத்தம், கிரீஸ், சீல், கிளியரன்ஸ் எதையும் அது சொல்வதில்லை. வேகமாகச் சுற்றும் லேத் ஸ்பின்டிலுக்கு அந்தத் துல்லியம் வேண்டும். வீலுக்கு இயல்பு துல்லிய வகுப்பு போதும், மிச்சக் காசுக்கு நல்ல ஆயில் சீல் வாங்குங்கள்.

## தடத்தில் படிக்கட்டு போன்ற கோடுகள்

தடத்தின் குறுக்கே சீரான இடைவெளியில் சாம்பல் நிறக் கோடுகள், கிரீஸ் கருகிக் கறுத்திருக்கிறது என்றால் பேரிங் வழியாக மின்சாரம் போயிருக்கிறது. மின்சார வண்டிகளின் மோட்டார் பேரிங்கில் இதைப் பார்க்கலாம்: கன்ட்ரோலரின் வேகமான சுவிட்சிங் ஷாஃப்ட்டில் மின்னழுத்தத்தை ஏற்றும், அது குண்டு வழியாகத் தரைக்குப் பாயும்போது தடத்தில் நுண்ணிய பொறிகள் அடிக்கும். அங்கே சாதாரண எஃகுக் குண்டு பேரிங்கையே மறுபடி போட்டால் மறுபடி கோடு விழும். மோட்டார் கம்பெனி சொல்லும் செராமிக் குண்டு பேரிங்கையோ இன்சுலேஷன் பூசியதையோதான் போட வேண்டும், ஷாஃப்ட்டை எர்த் செய்யும் பிரஷ் இருந்தால் அது தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மோட்டாரே இல்லாத லாரியின் ஹப்பில், கோடாக இல்லாமல் அங்கங்கே கருகிய சின்னக் குழிகள் தெரிந்தால் பாடியில் எப்போது வெல்டிங் நடந்தது என்று கேளுங்கள். எர்த் கிளாம்பை வீல் நட்டிலோ டிரம்மிலோ மாட்டிவிட்டு சேசிஸில் பற்றவைத்தால் கரன்ட் முழுவதும் பேரிங் வழியாகத்தான் திரும்பும். கிளாம்ப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய வெற்று இரும்பில் இருக்க வேண்டும்.